தலைப்பெழுத்தும் சான்றுப் பட்டியலும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பெரிய பொருளாகப் பார்த்து எடுத்துக்கொள்வது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஆய்வுக் கட்டுரையின் கடைசி இரண்டு பக்கங்களை. பொடி எழுத்தில், எண் போட்டு, பெரும்பாலோர் கண்ணை ஓட்டிவிட்டுக் கடந்துபோகும் ரெஃபரன்ஸ் பட்டியலை. ஆய்விதழ்களுக்கு வரும் கட்டுரைகளைப் படித்துத் திருத்துகிற வேலையில் என் வாழ்நாளின் பெரும்பகுதி போயிருக்கிறது. ஒரு கட்டுரை கைக்கு வந்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவேன். எழுதியவர் எப்படிப்பட்டவர் என்பது பாதிக்குமேல் அங்கேயே தெரிந்துவிடும்.

சில மாதங்களுக்கு முன் நம் புதுச்சேரியின் இதே உப்பளத்திலிருந்து ஓர் இளம் ஆய்வாளர் கோப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை; மலர்விழி என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் சுப்பிரமணியன் என்றும் வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் எஸ். மலர்விழி. முதல் கட்டுரை அந்தப் பெயரில் வந்தது. அதை எடுத்துக்காட்டியவர்கள் தங்கள் பட்டியலில் ‘மலர்விழி எஸ்’ என்று போட்டார்கள். அதுவரை எல்லாம் சரி. பிறகு வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்காகப் பாஸ்போர்ட் எடுத்தார். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நம் வீடுகளில் அப்படி ஒன்று இல்லை. அப்பா பெயரை எழுதி நிரப்பினார். அடுத்த கட்டுரைக்கு மலர்விழி சுப்பிரமணியன் என்று கொடுத்தார். இதழின் மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது. பட்டியல்களில் அவர் ‘சுப்பிரமணியன் எம்’ ஆனார். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் கணவரின் தலைப்பெழுத்து ஏறியது. மூன்றாவது கட்டுரை ‘மலர்விழி கே’ என்று வந்தது.

பணி உயர்வுக் குழு, உங்கள் கட்டுரைகளை இதுவரை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறது. தரவுத்தளத்தில் தேடினால் மூன்று பெண்கள் நிற்கிறார்கள். ஒருவருக்குக் கொஞ்சம் மேற்கோள், ஒருவருக்கு அதைவிடக் குறைவு, ஒருவருக்கு ஒன்றுமில்லை. மூவரும் நான்தான் என்று நிரூபிக்கத் திருமணப் பதிவுச் சான்றிதழின் நகலை ஆராய்ச்சிப் பட்டியலோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் கோப்பைத்தான் என்னிடம் காட்டினார். அதைப் பார்த்த அன்றே இந்தச் சொற்பொழிவின் பொருள் முடிவாகிவிட்டது.

ரெஃபரன்ஸ் என்பது ஒரு விலாசம். அம்பேத்கர் சாலையில் ஒரு வீட்டுக்குக் கடிதம் போடுகிறவர் பெயர், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு என்று எழுதுகிறார் அல்லவா? தபால்காரர் கதவைத் தட்ட அவ்வளவும் வேண்டும். அதே போல ஆய்வாளர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, ‘இதை நானாகச் சொல்லவில்லை, இன்னார், இந்த ஆண்டு, இந்த இதழில், இந்தப் பக்கத்தில் சொல்லியிருக்கிறார், போய்ப் பாருங்கள்’ என்று படிக்கிறவர் கையில் ஒரு விலாசத்தைக் கொடுக்கிறார். போனால் அங்கே அந்த வீடு இருக்க வேண்டும். வீட்டில் அந்த ஆள் இருக்க வேண்டும். நாம் சொன்னதையே அவரும் சொல்ல வேண்டும்.

கண்ணுக்கு நேரே ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928 மார்ச் 31 அன்று ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சிறு குறிப்பு. ராமன் விளைவை உலகத்துக்குச் சொன்ன குறிப்பு அது. மருத்துவ, உயிரியல் இதழ்களின் முறையில் இப்படி எழுதுவார்கள்: ‘ராமன் சி வி, கிருஷ்ணன் கே எஸ். இரண்டாம்நிலைக் கதிர்வீச்சில் ஒரு புதுவகை. நேச்சர். 1928;121:501-2.’ ஆண்டுக்குப் பின் அரைப்புள்ளி, தொகுதி எண்ணுக்குப் பின் முக்காற்புள்ளி, 501-502 என்று எழுதாமல் 501-2 என்று சுருக்கம். தலைப்பெழுத்துகளுக்கிடையே புள்ளி கிடையாது. ஆசிரியர்கள் ஆறு பேருக்கு மேல் போனால் முதல் ஆறு பெயரை எழுதி ‘மற்றும் பிறர்’ போட வேண்டும். இதழ்ப் பெயரில் ஒரே சொல் இருந்தால் அதைச் சுருக்கக் கூடாது. ‘நேச்சர்’ நேச்சராகவே நிற்கும். 1913இலிருந்து வரும் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ போன்ற நீண்ட பெயர்களுக்கு நிர்ணயித்த சுருக்கம் உண்டு. நாமாக ஒன்றை உண்டாக்கக் கூடாது.

இதற்கு வான்கூவர் முறை என்று பெயர். 1978இல் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரத்தில் கூடி, எல்லா இதழ்களுக்கும் பொதுவாக ஒரு விதி இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். மறு ஆண்டு அது அச்சில் வந்தது. கட்டுரையில் முதலில் வரும் சான்றுக்கு 1, அடுத்ததற்கு 2 என்று எண் போட்டுக்கொண்டே போவதுதான் இதன் அடிப்படை. மற்றொரு முறையில் எண் இல்லை. அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் வரும், பட்டியல் அகரவரிசையில் நிற்கும். ஹார்வர்டு பல்கலைக்கழக விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க், ஓடில்லாத நத்தையின் முட்டை எப்படி முதிர்ந்து பிளந்து வளர்கிறது என்று 1881இல் எழுதிய கட்டுரையை இந்த முறைக்கு முன்னோடியாகக் காட்டுவார்கள். அதனால்தான் ஹார்வர்டு முறை என்ற பெயர் நிலைத்தது. அந்த 1881 என்ற ஆண்டை நினைவில் வையுங்கள். புதுச்சேரிக்கும் அதே ஆண்டில் ஒரு வேலை இருந்தது. அதற்கு வருகிறேன்.

இரண்டு முறையிலும் முதலில் வருவது ஆசிரியரின் பெயர். அதுவும் குடும்பப் பெயர் முன்னே, சொந்தப் பெயர் சுருங்கி ஒற்றை எழுத்தாகப் பின்னே. ஐரோப்பியருக்கு இது பொருந்தும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் தலைப்பெழுத்து அப்பா பெயரின் முதல் எழுத்து, சில வீடுகளில் அதற்கும் முன்னால் ஊர்ப் பெயரின் முதல் எழுத்து. பெயர் என்பது நமக்கு வைத்த பெயர்தான். ஆகவே எஸ். மலர்விழி ‘மலர்விழி எஸ்’ என்று திரும்பும்போது நல்வாய்ப்பாகச் சொந்தப் பெயரே முன்னால் வந்து நின்றுவிடுகிறது. தலைப்பெழுத்தை முன்னால் போடுகிற நம் பழைய வழக்கம் மேலைநாட்டு வடிவத்தோடு தற்செயலாக ஒத்துப்போகிறது. அப்பா பெயரை விரித்து, பின்னால் எழுதிய மறுகணம் எல்லாம் தலைகீழ்.

ராமனையே பாருங்கள். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேங்கடராமன். தந்தை சந்திரசேகர ஐயர். சி. வேங்கடராமன் என்று இருந்திருக்க வேண்டிய பெயர் நடுவில் உடைந்து சி. வி. ராமன் ஆயிற்று, பட்டியலில் ‘ராமன் சி வி’. அவருடைய அண்ணன் சுப்பிரமணியனின் மகன், 1983இல் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர், தாத்தா பெயரைத் தாங்கிய சந்திரசேகர். பட்டியலில் ‘சந்திரசேகர் எஸ்’. சித்தப்பாவிடம் ‘சி’ என்று ஒற்றை எழுத்தாக ஒடுங்கியிருக்கும் அதே மனிதரின் பெயர் அண்ணன் மகனிடம் முழுப்பெயராக நிமிர்ந்து நிற்கிறது. சந்திரசேகர் விஷயத்தில் சான்றுப் பட்டியல் தமிழ் வழக்கத்தை அப்படியே காப்பாற்றிவிட்டது.

அடுத்தவர் 1952இல் சிதம்பரத்தில் பிறந்து, ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் வேதியியல் நோபல் பெற்றவர். அவருக்கு வைத்த பெயரும் வேங்கடராமன்தான். தந்தை சி. வி. ராமகிருஷ்ணன், பரோடாவில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர். வேங்கடராமன் ராமகிருஷ்ணன் என்று எழுதியதால் உலகமெங்கும் அவர் ‘ராமகிருஷ்ணன் வி’. தந்தையின் கட்டுரைகள் ‘ராமகிருஷ்ணன் சி வி’ என்று நிற்கின்றன, மகனின் கட்டுரைகள் ‘ராமகிருஷ்ணன் வி’ என்று. இருவருக்கும் இடையே ஒரே ஓர் எழுத்து. வேங்கடராமன் என்று பெயர் வைக்கப்பட்ட இரண்டு தமிழர்கள் நோபல் பரிசு பெற்றிருக்கிறார்கள். உலகத்தின் எந்தச் சான்றுப் பட்டியலிலும் வேங்கடராமன் என்ற பெயரில் அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

ராமகிருஷ்ணன் தம் பெயரைத் தாம் விரும்பியபடி எழுதிக்கொண்டார். அதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் கவலையெல்லாம் விருப்பமே கேட்கப்படாமல் பெயர் மாறிப்போகும் மலர்விழிகளைப் பற்றித்தான்.

இப்போது 1881க்கு வருகிறேன். அந்த ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பிரெஞ்சிந்தியாவில் வாழும் இந்தியர் தம் சாதி, சமய வழக்கத்தின்படியான தனிச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம் என்றது அது. அப்படித் துறந்தவர்களை ரெனோன்சான் என்று இந்த ஊர் இன்றும் சொல்கிறது. துறந்தவர் ஒவ்வொருவரும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்கு முன் 1873இல் காலில் ஷூ அணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பிள்ளையை விட்டு ‘லா போர்த்’ என்ற குடும்பப் பெயரைப் பூண்டார். அவருடைய தெரிவில் ஒரு மானம் இருந்தது. இந்த மண்ணின் வீடுகளில் பிரெஞ்சுக் குடும்பப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒட்டி வாழ்வதன் வேர் அங்கே இருக்கிறது. அமெரிக்காவில் ஒருவர் அடைப்புக்குறிக்குள் பெயரைப் போடத் தொடங்கிய அதே ஆண்டில், புதுச்சேரியில் தமிழர்கள் அந்தக் கட்டத்தை நிரப்பக் குடும்பப் பெயர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் கதை வேறு திசையில் போயிற்று. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. இன்று தமிழர் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் வெற்றிடம் இருக்கிறது. குடும்பப் பெயர் கட்டம் நமக்கு நிரம்பவில்லை என்றால் அதை ஒரு குறையாகக் கருதுகிற இதழாசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வெற்றிடம் ஒரு சமுதாயம் யோசித்து எடுத்த முடிவு. ஒரு மென்பொருளின் வசதிக்காக நாம் அதை மாற்றி எழுத வேண்டியதில்லை.

பட்டத்தோடு வாழ்ந்த முன்னோரை மேற்கோள் காட்டும்போது வேறொரு சிக்கல். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அறியாதவர் இந்த அவையில் இருக்க மாட்டார்கள். 1894இல் ஜூலியன் வின்சோன் பிரெஞ்சில் அதன் பகுதிகளை வெளியிட்டபோது பிள்ளை ‘புல்லே’ ஆனார், அதுவும் ரங்கரோடு ஒட்டிய ஒரே சொல்லாக. 1904 முதல் 1928 வரை சென்னையில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அவர் தனித்தனிச் சொல்லாக ‘ஆனந்த ரங்கப் பிள்ளை’. அகரவரிசைப் பட்டியலில் ஒரே மனிதர் ஓரிடத்தில் ஆ-வின் கீழும், வேறோரிடத்தில் பி-யின் கீழும், இன்னுமோரிடத்தில் ரங்காவாக ர-வின் கீழும் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். பிள்ளை என்பது ஐரோப்பியப் பொருளில் குடும்பப் பெயர் ஆகாது. அவரை ஆனந்தரங்கப் பிள்ளை என்று நேர்வரிசையில், ஆ-வின் கீழ்தான் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தத் தலைவலியை முறையாக ஆராய்ந்து தீர்வு சொன்னவர் நம் பக்கத்து ஊர்க்காரர். சீர்காழியில் 1892இல் பிறந்த சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன், கணிதப் பேராசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். எஸ். ஆர். ரங்கநாதன் என்ற பெயரில் எஸ் சீர்காழி, ஆர் அப்பா. மேலைநாட்டு நூலகப் பட்டியல் விதிகளை இந்தியப் பெயர்மேல் சாத்தினால் பெயர் முறிகிறது என்பதைக் கண்டவர் அவர். 1934இல் வெளியிட்ட பட்டியலாக்க விதிநூலில் இந்தியப் பெயர்களைக் கையாளும் வகையைப் பகுத்துச் சொன்னார். அவர் முறையில் ஆசிரியர் பெயருக்குப் பின்னால் பிறந்த ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும்: ரங்கநாதன் (சீர்காழி ராமாமிர்த) (1892). ஒரே பெயரில் நூறு பேர் இருக்கலாம் என்பதை உணர்ந்த நூலகரின் கவனம் அது. இந்த அறக்கட்டளையை நிறுவியவரும் நூலகர்தான் என்பதால் ரங்கநாதனை இங்கே பெயர் சொல்லி வணங்குவது என் கடமை.

பெயரைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். வீடு இருக்கிறதா என்ற கேள்வி பாக்கி.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது என் முதல் கட்டுரையில் ஒரு பழைய ஜெர்மன் ஆய்வை மேற்கோள் காட்டினேன். மூலத்தைப் பார்க்கவில்லை. இன்னொருவருடைய பட்டியலிலிருந்து அப்படியே எழுதிக்கொண்டேன். ஒன்றரை ஆண்டு கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. ‘ஐயா, தாங்கள் குறித்த 231ஆம் பக்கத்தில் வேறு கட்டுரை உள்ளது. சரியான பக்கத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.’ அந்தப் பக்கத்தைப் பார்ப்பதற்காக அவர் இரவு ரயிலில் சென்னைக்கு வந்து, நூலகத்தில் ஒரு பகல் முழுக்கச் செலவிட்டிருந்தார். சரியான எண் 213. நான் பார்த்து எழுதிய பட்டியலிலேயே இலக்கம் மாறியிருந்தது. அதை எழுதியவர் தவறு என் தவறாயிற்று. அந்த அட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இளநீல மையில், குண்டு குண்டான எழுத்து. அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் ஒருவருடைய ரயில் கட்டணமும் ஒரு நாளும் நினைவுக்கு வரும்.

இப்படித் தவறு கைமாறுவதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் ஏறத்தாழ 4300 முறை மேற்கோள் காட்டப்பட்ட ஓர் இயற்பியல் கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள். அந்த மேற்கோள்களில் 196 இடத்தில் அச்சுப் பிழை. ஆனால் வேறுவேறான பிழைகள் 45தான். ஒரே ஒரு பக்க எண் பிழை மட்டும் 78 இடங்களில் திரும்பத் திரும்ப வந்திருந்தது. 78 பேரும் தனித்தனியாக ஒரே மாதிரி கைதவறியிருக்க முடியாது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டுகிறவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்பது அவர்களுடைய மதிப்பீடு.

இல்லாத வீட்டுக்கே விலாசம் எழுதியவர்களும் உண்டு. பெரிய பதிப்பகம் ஒன்று, ரெஃபரன்ஸ் எழுதும் முறையை ஆசிரியர்களுக்குக் காட்ட, ‘அறிவியல் கட்டுரை எழுதும் கலை’ என்ற தலைப்பில் கற்பனையான ஒரு பதிவைத் தன் மாதிரிப் படிவத்தில் வைத்திருந்தது. அப்படி ஒரு கட்டுரை எழுதப்படவே இல்லை. அப்படி ஓர் இதழும் கிடையாது. லைடன் பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் குரோனென்பெர்க் அதைத் தேடிப் போய் உண்மையைக் கண்டறிந்தார். அதற்குள் அந்தக் கற்பனைக் கட்டுரைக்கு ஏறத்தாழ 400 மேற்கோள்கள் சேர்ந்திருந்தன. மாதிரியை அழிக்க மறந்தவர்கள் பாதி, அதை உண்மை என்று நம்பியவர்கள் பாதி என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இதைவிட நேர்த்தியாக இல்லாத கட்டுரைகளைச் செய்து தருகின்றன. ஆசிரியர் பெயர், இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் அப்படிப் பிறந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்கள் 5000 டாலர் அபராதம் கட்டினார்கள்.

வீடும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை என்ற நிலைதான் எல்லாவற்றிலும் கொடியது. 1980இல் அமெரிக்காவின் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளில் அபின் வகை வலிமருந்து பெற்ற 11,882 பேரின் பதிவுகளைப் பார்த்ததில், அதற்கு முன் பழக்கம் இல்லாதவர்களில் நால்வருக்குத்தான் அடிமைத்தனம் காணப்பட்டது என்பது செய்தி. வீட்டில் மாதக்கணக்கில் இந்த மாத்திரையை விழுங்குகிறவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. 2017இல் அதே இதழில் கனடிய ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். அந்தக் கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. 72 விழுக்காட்டினர் அபின் மருந்தால் அடிமைத்தனம் அரிது என்பதற்குச் சான்றாக அதைக் காட்டினார்கள். அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதை 81 விழுக்காட்டினர் சொல்லவே இல்லை. அமெரிக்காவை உலுக்கிய வலிமருந்துப் பேரழிவுக்கு இந்த மேற்கோளும் துணைபோனது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும் அந்த 608 இடத்திலும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

அதனால்தான் மாணவர்களிடம் சொல்கிறேன்: புள்ளிகளை இயந்திரத்திடம் விட்டுவிடுங்கள். சொடேரோ என்ற செயலி 2006இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கட்டளையில் வான்கூவரை ஹார்வர்டாக மாற்றித் தரும். நடுவில் ஒரு பத்தியை நகர்த்தினால் எண்களைத் தானே சரிசெய்துகொள்ளும். கையால் எண் போட்ட காலத்தில் நாங்கள் ஒரு சான்றைச் சேர்த்தால் அறுபது எண்களைத் திருத்த வேண்டியிருக்கும். இப்போது பல இதழ்கள் முதல் சமர்ப்பிப்பில் எந்த வடிவத்தில் இருந்தாலும் ஏற்கின்றன. மிச்சமாகும் நேரத்தை மூலத்தைப் படிப்பதில் செலவழியுங்கள். கட்டுரைக்கு டிஓஐ என்ற இணைய அடையாள எண் இருந்தால் அதைத் தட்டிப் பாருங்கள்; திறக்கும் பக்கத்தின் தலைப்பும் உங்கள் பட்டியலில் உள்ள தலைப்பும் ஒன்றா என்று கண்ணால் ஒப்பிடுங்கள். செயலி இறக்கித் தரும் பெயரை அப்படியே நம்பாதீர்கள். தமிழ்ப் பெயர் புரண்டு கிடப்பது பெரும்பாலும் அங்கேதான்.

நம் ஊருக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். செயின்ட் லூயி வீதியில் 1955இலிருந்து இயங்கும் பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய வெளியீடுகளை எடுத்தால் பதிப்பிடம் ‘பொந்திசேரி’ என்று பிரெஞ்சு எழுத்தில் இருக்கும். பின்னாளில் வந்தவற்றில் பாண்டிச்சேரி. 2006க்குப் பிறகு புதுச்சேரி. மூன்றையும் ஒன்றாக்கி, இன்றைய பெயரைப் போட்டுவிடக் கூடாது. நூலின் தலைப்புப் பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான் விலாசம். சென்னையில் 1996க்கு முன் அச்சான நூலுக்கும் இதே விதிதான். பழைய தமிழ் நூல்களில் ஆண்டு, தமிழ் வருஷப் பெயரில் இருக்கும். அறுபது ஆண்டுக்கொருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதால் ஆங்கில ஆண்டைக் கணக்கிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். தமிழ் நூலின் தலைப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து மட்டும் போடாதீர்கள். ஒலிபெயர்ப்பில் மூலத் தலைப்பையும் கொடுங்கள். மொழிபெயர்த்த தலைப்பை வைத்துக்கொண்டு எந்த நூலகத்திலும் தேட முடியாது.

மேற்கோள் காட்டும் ஒழுக்கம் நமக்கு மேற்கிலிருந்து வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். நம் இலக்கண ஆசிரியர்கள் ‘என்ப’ என்றும் ‘என்மனார்’ என்றும் சொன்னது, இது எனக்கு முன்னோர் சொன்னது என்று ஒப்புக்கொள்ளத்தான். உரையாசிரியர்கள் வரிக்கு வரி பழைய நூல்களை எடுத்துக்காட்டினார்கள். யாப்பருங்கல விருத்தியுரை எத்தனையோ நூல்களிலிருந்து எடுத்துக்காட்டுகிறது. அவற்றில் பல இன்று இல்லை. மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்ற நூலை உருவாக்கியது பெரும்பாலும் இப்படி உரைகளில் ஒட்டிக்கொண்டிருந்த மேற்கோள்களைத் திரட்டித்தான். ஏடு அழிந்து, எழுதியவன் ஊர் தெரியாமல் போன பிறகும் நூலின் பெயர் மட்டும் தப்பியிருக்கிறது என்றால், யாரோ ஓர் உரையாசிரியர் அதை ஒழுங்காகச் சொல்லிவைத்ததுதான் காரணம். நூற்பெயர் சொல்லாமல் விட்ட இடங்களில் பாட்டு மட்டும் அநாதையாக நிற்கிறது. அது எந்த நூலைச் சேர்ந்தது என்று சொல்ல இனி ஆளில்லை.

மலர்விழியின் கோப்பு இன்னும் முடியவில்லை. முதலில், இனி எழுதும் எல்லாக் கட்டுரைக்கும் ஒரே பெயர் வடிவம் என்று முடிவு செய்தோம். எஸ். மலர்விழி என்ற பழைய பெயரையே அவர் தேர்ந்தெடுத்தார்; முதல் கட்டுரை அதில்தான் வந்தது, அப்பாவுக்கும் அதுதான் பிடிக்கும் என்றார். ஆதாரில் எந்தத் தலைப்பெழுத்து இருந்தாலும் ஆய்வுக் கட்டுரையில் இந்தப் பெயரைத் தொடர்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சமர்ப்பிக்கும்போது குடும்பப் பெயர் கட்டத்தில் மலர்விழி, முதல் பெயர் கட்டத்தில் எஸ் என்று எழுதச் சொன்னேன். கட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், பட்டியலில் எது முன்னால் நிற்க வேண்டுமோ அதை அங்கே எழுதுங்கள் என்றேன். பிறகு ஓர்கிட் எண் வாங்கினோம். 2012இலிருந்து, பதிவு செய்துகொள்ளும் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தரப்படும் பதினாறு இலக்க அடையாளம் அது. ரங்கநாதன் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டை எழுதியதன் இன்றைய வடிவம் என்றே அதைச் சொல்வேன். எஸ், எம், கே என்று மூன்று பெயரில் கிடந்த கட்டுரைகளையும் அந்த ஓர் எண்ணின் கீழ் அவரே சேர்த்தார்.

இங்கே வந்திருக்கும் இளைஞர்கள், குறிப்பாகக் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் கட்டுரை எழுதப் போகிற பெண்கள், இன்று வீட்டுக்குப் போனதும் இதைச் செய்யுங்கள். கைப்பேசியிலேயே பதியலாம், பத்து நிமிடம் ஆகும், கட்டணம் இல்லை.